எண்ணெய் இல்லாத சமையல்

அப்பா ரயில்வேயில் ஓய்வு பெற்று, நாங்கள் சாந்த்ராகாச்சி குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுக் கல்கத்தாவில் காளிகாட்டுக்குக் குடிவந்த புதிதில் அவருக்கு மாரடைப்பு வந்தது. எண்ணெயைக் குறைக்கத்தான் டாக்டர் சொன்னார். அப்பா பயத்தில் அடியோடு நிறுத்திவிட்டார். நல்லெண்ணெய், கடுகெண்ணெய், நெய் எல்லாம் நாங்கள் பௌதி, அதாவது அண்ணி, என்று கூப்பிடும் கீழ்வீட்டு வங்காளிப் பெண்ணின் அடுக்களைக்குப் போயின.

அதன்பின் எங்கள் வீட்டில் தாளிக்கும் சத்தம் கேட்கவில்லை. கத்தரிக்காயும் வெந்ததுதான், உருளைக்கிழங்கும் வெந்ததுதான். நான் மதியம் ஆபீஸ் கேன்டீனில் சாப்பிட்டுவிடுவேன். அம்மாவுக்கு அந்த வழி இல்லை.

சில வருடங்களில் அம்மா இடுப்பு வலியோடு, முதுகு கூனி, மாடிப்படியில் கைப்பிடியை விடாமல் ஏற ஆரம்பித்தாள். "வயசாச்சோல்லியோ" என்பாள். நாங்களும் அப்படியே நம்பினோம். ஒருநாள் தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தவளால் எழுந்திருக்கவே முடியவில்லை.

ரத்தப் பரிசோதனையையும் எக்ஸ்ரேயையும் பார்த்த டாக்டரம்மா, எலும்பு மெலிந்து போயிருக்கிறது, வைட்டமின் டி இல்லவே இல்லை என்றார். வைட்டமின் மாத்திரை ஏற்கெனவே சாப்பிடுகிறாள் என்றேன். எதோடு என்று கேட்டார். வெறும் கஞ்சியோடு.

அவர் பொறுமையாக வங்காளியில் விளக்கினார். கொழுப்பு தண்ணீரில் கரையாது. ஏ, டி, ஈ, கே ஆகிய வைட்டமின்களும் அப்படித்தான். சாப்பாட்டில் கொழுப்பு இருந்தால்தான் அவை உடம்பில் சரியாகச் சேரும். சில கொழுப்புகளை உடம்பால் தானாகத் தயாரிக்கவும் முடியாது. அளவுக்கு மிஞ்சினால்தான் கெடுதல். இதய நோயாளிக்கும் கொஞ்சம் வேண்டும்.

அப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்.

"எனக்குத்தானே பத்தியம்? நீ ஏன் விட்டே?"

"உங்களுக்கொண்ணு எனக்கொண்ணுன்னு ரெண்டு சமையலா பண்ணுவேன்? நீங்க அப்படிச் சாப்பிடறச்சே எனக்கு மட்டும் எப்படி இறங்கும்?"

திரும்பி வரும்போது அப்பா லேக் மார்க்கெட்டில் டாக்ஸியை நிறுத்தி, சின்ன பாட்டிலில் நல்லெண்ணெய் வாங்கினார்.

மருந்து பிடித்தது, வலி குறைந்தது. ஆனால் அம்மாவின் முதுகு நிமிரவில்லை. இப்போதும் அவள் தட்டில் அப்பாதான் ஒரு ஸ்பூன் எண்ணெய் விடுகிறார்.

"போதும், வழியறது" என்கிறாள் அம்மா.

"இருக்கட்டும்" என்கிறார் அவர், அவள் முகத்தைப் பார்க்காமல்.