சாம்பல் கல்லும் ஓர் அம்புக்குறியும்

காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்கிய மறு வருடம் நான் சென்னையில் நிலவியல் ஆய்வு மாணவன். பேராசிரியர் எனக்கு ஆற்று மணலை ஒதுக்கியிருந்தார். அரசலாற்றங்கரையில் பிறந்தவனுக்கு ஆற்று மணல். நிர்வாகத்துக்கு அதைவிடப் பெரிய காரணம் தேவைப்படுவதில்லை. எனக்கோ எரிமலை வேண்டியிருந்தது.

யோசனை எளியது. வெள்ளம் வடிந்த வயலில் வைக்கோல் எல்லாம் ஒரே வாட்டத்தில் படுத்திருக்கும். எரிமலை வெடித்துச் சரிவில் பாயும் சூடான சாம்பலிலும் நீளமான துகள்கள் அப்படித்தான் ஓட்டத்தின் வாட்டத்தில் படுக்கும். கூரை ஓடுபோலச் சற்றே சாய்ந்திருக்கும். தாழ்ந்த முனை, ஓட்டம் வந்த பக்கத்தைக் காட்டும். சாம்பல் இறுகிக் கல்லான பிறகு மெல்லிய சீவல் எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால், வாய் தூர்ந்துபோன எரிமலையைக்கூடத் தேடிவிடலாம்.

பேராசிரியர் ஒரு நிபந்தனை போட்டார். "வாய் எங்க இருக்குன்னு நமக்கே தெரிஞ்ச ஒரு மலையை முதல்ல உன் கல்லு காட்டட்டும். இல்லேன்னா மணல்தான்."

சுமத்திராவுக்குப் போக எனக்கு வழியில்லை. ஆனால் என் அண்ணனோடு படித்த ஒருவர் அங்கே துணிக்கடை வைத்திருந்தார். அவரை நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிடுவோம். கடல்தாண்டிப் போவதை எங்கள் ஊர் முஸ்லிம்கள் சபர் என்பார்கள். நானா சபர் போவதும் வருவதுமாக இருப்பார். கடைக்கு நேர் வடக்கே எரிமலை, கிழக்கே கடல். கடைக்குப் பக்கத்து மலைச்சரிவிலிருந்து ஒரு கல் கேட்டேன். நடைமுறைகளையும் சொல்லி அனுப்பினேன்: மேல்பக்கத்தைக் குறிக்கவும், பெயர்ப்பதற்கு முன்பே வடக்கு நோக்கி அம்பு வரையவும், பெயர்த்த பின் வரைந்தது செல்லாது.

கல் வந்தது, அழுத்தமான கறுப்பு அம்புடன். சென்னையில் அறுத்து, கண் எரிய எரிய அளந்தேன். துகள்கள் அழகாக ஒரே வாட்டத்தில் இருந்தன. அவை காட்டியது வடக்கை அல்ல; கிழக்கை ஒட்டி, கடல் பக்கத்தை.

"கடலுக்குள்ள எரிமலையா? மீன் வெந்தே கிடைக்குமே!" என்றார் பேராசிரியர். விடுமுறை முடிந்து மணல் மூட்டையோடு வரச் சொன்னார்.

மிச்சக் கல்லைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்தேன். அப்போது நானாவும் ஊரில் இருந்தார். எங்கள் தெரு இருந்த கோவில்பத்திலிருந்து சைக்கிளில் அவர் வீட்டுக்குப் போனேன்.

"வாங்க விஞ்ஞானி, கல்லு என்ன சொல்லுது?"

"கடலைக் காட்டுது நானா. மலையிலதான் எடுத்தீங்களா, இல்ல எங்கயாவது கரையில கிடந்ததா?"

"நல்லா இருக்கே! உளி வச்சு அடிச்சுக் கையெல்லாம் கொப்புளம். துணிக்கடைக்காரன் மலைய முழம் போடுறான்னு ஊரே நின்னு சிரிச்சுது."

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "எனக்குச் சேலை வர வேண்டிய பெட்டியில வந்த கல்லு தம்பி. அதுவும் பொய் சொல்லுதா?"

மேசைமேல் வைத்த கல்லை நானா பேசிக்கொண்டே திருப்பினார். நான் எனக்கு வசதியாகத் திருப்பினேன். அவர் மறுபடி திருப்பினார். அம்பு மேற்குச் சுவரைப் பார்த்தது.

"ஏன் நானா அந்தப் பக்கமே திருப்புறீங்க?"

"கிப்லா அங்கதானே இருக்கு? அம்பு மக்காவப் பாத்து இருக்கணும்ல."

"நான் வடக்குல்ல போடச் சொன்னேன்!"

"சொன்னே. மேகத்துல சூரியனே தெரியாத ஊர்ல வடக்க எங்க போய்த் தேடுறது? பாறைக்குப் பக்கத்துலயே பள்ளிவாசல். அதோட கிப்லாச் சுவரப் பாத்துப் போட்டேன். குத்துமதிப்பா வடக்கு வேணுமா, சரியா கிப்லா வேணுமா?"

என் நடைமுறைப்படி அது செல்லாது. ஆனால் ஓர் ஊரே ஐந்து வேளையும் நின்று சரிபார்க்கும் திசைக்கு மேல் எந்தத் துறையும் எனக்கு முத்திரை குத்தித் தந்துவிடப் போவதில்லை.

காரைக்காலில் தொழும் திசை ஏறத்தாழ மேற்கே. சுமத்திராவில் அது சரியாக எந்தப் பக்கம்? மறுநாள் பள்ளிக்கூடத்து உலக உருண்டையைத் தேடிப் போனோம். அதைத் தொடுவதற்குத் தலைமையாசிரியர் விண்ணப்பம் கேட்டார்; உரிய வழியில் கொடுத்தேன். நூலின் ஒரு முனையை நானா மக்காவில் பிடித்தார், மறுமுனையை நான் சுமத்திராவில். நூல் வடக்கிலிருந்து மேற்காக, செங்கோணத்தில் முக்கால் பங்கு விலகியிருந்தது. என் வரைபடத்தில் அம்பை வடக்கிலிருந்து அதே அளவு மேற்காகத் திருப்பினேன். துகள்கள் காட்டிய கோடும் கூடவே கடலை விட்டு நகர்ந்து நேர் வடக்கே போய் நின்றது.

"கடை வாசல்லேர்ந்து பாத்தா புகையுமே, அந்த மலையா?" என்றார் நானா.

"அதேதான்."

"அதத்தான் தினம் பாக்குறேனே! என்னைக் கேட்டிருந்தா கல்லு இல்லாமலே சொல்லியிருப்பேன்."

பேராசிரியர் நூல் கதையை இரண்டு தடவை கேட்டார். பிறகு தானே ஓர் உருண்டையை வரவழைத்து நூல் பிடித்துப் பார்த்தார். "ஒரு கல்லு எதையும் நிரூபிக்காதுப்பா. மலையைச் சுத்தி நாலு பக்கமும் எடுத்துக் காட்டு, நம்புறேன்." மணல் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. எங்கள் துறையில் அனுமதி என்பது அப்படித்தான் வரும்.

நானா அடுத்த சபருக்குப் பெட்டி கட்டும்போது போய்ச் சொன்னேன்.

"நாலு பக்கமுமா? கப்பல் முழுகுனா நீதான் வந்து தூக்கணும்" என்றார். கைலிக் கட்டுகளில் ஒன்றை எடுத்து வெளியே வைத்துவிட்டு, அந்த இடத்தில் உளியைச் செருகினார். "வடக்கு போடவா, இல்ல பழையபடியா?"

"பழையபடியே போடுங்க நானா."