விஜயராணியின் வலது கால்

விஜயராணி எனக்கு மருமகள் முறை. என் கூடப்பிறந்த தம்பி சென்னியப்பனின் மகன் தங்கதுரையைக் கட்டியவள். எங்கள் பங்காளி வீடுகளுக்குள் வந்த முதல் வேதக்கார, அதாவது கிறிஸ்தவப் பெண்ணும் அவள்தான். அவள் அப்பா சிவகங்கைப் பக்கமிருந்து பனியன் கம்பெனி வேலைக்குக் குடும்பத்தோடு வந்தவர். அவள் ஓவர்லாக் மிஷினில் ஓரம் தைத்த கம்பெனியில் எங்கள் பையனுக்குத் துணி வெட்டுகிற கட்டிங் வேலை. மீதியை நான் சொல்ல வேண்டியதில்லை.

அவள் பிறந்த வீட்டில் அம்மா, பெரியம்மா, அக்காள்கள் எல்லாரும் மாதா கோயில் பாட்டுக் குழுவில் இருப்பவர்கள். இவளுக்கு மட்டும் தொண்டை ஒத்துழைக்கவில்லை. வாயைத் திறந்தால் தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுகிற மாதிரி இருக்கும். சின்ன வயதில் இவளையும் வரிசையில் நிறுத்தி, "நீ வாய மட்டும் அசச்சாப் போதும்டி" என்பார்களாம். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள்.

அப்படிப்பட்டவளுக்கு டிரம்ஸ் முன்னால் இடம் கிடைத்தது. வாசித்துக்கொண்டிருந்த அருண்குமார் வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டான். பாட்டுக் குழுவை நடத்துகிற சகாயராஜ், "யாராச்சும் பழகிக்கிறீங்களா?" என்று கேட்டபோது இவள்தான் எழுந்து நின்றாள். கை சீக்கிரமே வந்துவிட்டது. கால்தான் வரவில்லை.

அந்தப் பெரிய டிரம் தரையில் சாய்ந்து கிடக்குமே, அதைக் கையால் அடிப்பதில்லை. முன்னால் ஒரு மிதி பலகை இருக்கும். அதை மிதித்தால் ஒரு சங்கிலி இழுபட்டு, தலையில் உருண்டை வைத்த கம்பி ஒன்று போய்த் தோலில் மோதும். காலைத் தளர்த்தினால் பக்கத்திலிருக்கிற ஸ்பிரிங் கம்பியைப் பின்னால் இழுத்துக்கொள்ளும். தட்டிவிட்டு உடனே விட வேண்டும். விட்டால்தான் 'தும்' என்று நிற்கும். இவளோ மிதித்த காலை எடுப்பதே இல்லை. உருண்டை தோலோடு ஒட்டிக்கொண்டு, 'தப்' என்று சத்தம் அங்கேயே செத்துவிடும். நாளெல்லாம் மிஷினை அழுத்திப் பிடித்து ஓட்டிய கால் அது, விடு என்றால் விடுமா?

"மாதா திருவிழாவுக்கு ஆயர் வர்றாரும்மா. இப்படியே வாசிச்சா அன்னைக்குக் கீபோர்டுலயே தாளத்தப் போட்டுருவேன்" என்றார் சகாயராஜ்.

மிதியில்தான் கோளாறு என்று இவள் கம்பெனி மெக்கானிக் சீனிச்சாமியைக் கூட்டிப்போனாள். அவன் விருதுநகர்க்காரன்.

"இம்புட்டுதானா? நம்ம மிஷினோட தங்கச்சில்ல இது!"

ஸ்பிரிங்கை இறுக்கினான். அதோடு விட்டானா? பழக்க தோஷம், மிஷின் எண்ணெயை எடுத்து மேலிருந்து கீழ்வரை விட்டுவிட்டான். கம்பியைப் பிடித்திருக்கிற திருகிலும் எண்ணெய் இறங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் இரண்டாவது பாட்டு. கம்பி வழுக்கிக் கீழே இறங்கி, தோலில் படாமல் டிரம்மின் விளிம்பிலிருக்கிற மர வளையத்தில் 'டொக்கு டொக்கு' என்று தட்டத் தொடங்கியது. யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று ஒரு அம்மா திரும்பிப் பார்த்தார்களாம். பாட்டுக் குழுவே சிரித்துவிட்டது.

"அடுத்த வாரம் ஒருக்கப் பாப்போம். அதோட சரி" என்றுவிட்டார் சகாயராஜ்.

அன்றைக்கு நான் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். இவள் சாப்பிடவில்லை.

"ஏங்கண்ணு, ஒரு கொட்டுக்காகவா பட்டினி கெடக்கறே?" என்றேன்.

"பாடத்தான் விடல மாமா. இதுவும் இல்லன்னா அந்தக் குழுவுல எனக்கு என்ன இருக்கு?"

தங்கதுரை தட்டை எடுத்து மூடி வைத்தான்.

அப்புறம் நடந்ததை அவளோடு தைக்கிற நாகஜோதிதான் எனக்குச் சொன்னாள். கட்டிங்கிலிருந்து துணி வராமல் எல்லாரும் சும்மா உட்கார்ந்திருந்தார்களாம். இவளும் ஞாயிற்றுக்கிழமைப் பாட்டை அந்தத் தகரக் குரலில் முணுமுணுத்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

"எக்கா, ஒம் மிஷினு குதிக்குது பாரு!" என்று நாகஜோதி சிரித்திருக்கிறாள்.

இவள் குனிந்து பார்த்தாள். அவள் மிஷினில் இரண்டு மிதி. இடது காலில் இருப்பது மோட்டாரை ஓட்டுவது, அழுத்திப் பிடிக்க வேண்டும். வலது காலில் இருப்பது சின்னது. தட்டினால் ஊசிப் பக்கத்தில் துணியைப் பிடித்திருக்கிற இரும்புப் பாதம் மேலே எழும்பும், துணியைச் சொருகியதும் உடனே விட்டுவிட வேண்டும். அதுவும் சங்கிலியும் ஸ்பிரிங்கும்தான். அந்த வலது கால் பாட்டுக்குத் தாளம் தப்பாமல் தட்டித் தட்டி விட்டுக்கொண்டிருந்தது.

"அடிப்பாவி, நீ இங்கயா இருக்க!" என்று தன் காலையே திட்டினாளாம்.

விஷயம் இதுதான். அருண்குமார் இடது கைக்காரன். தன் வசதிக்கு டிரம்ஸை மாற்றிப்போட்டு, இடது காலால் மிதித்திருக்கிறான். அவன் போன பிறகு யாரும் அதை நகர்த்தவில்லை. இவளும் வைத்த இடத்தில் உட்கார்ந்து, மோட்டார் ஓட்டுகிற காலிடம் தாளம் கேட்டிருக்கிறாள்.

சனிக்கிழமை ஒத்திகைக்குப் போய், "எல்லாத்தையும் எடம் மாத்தணும்ண்ணே" என்றாள்.

"வயரெல்லாம் அப்படியே கெடக்கு, இப்பப் போயி எங்கம்மா மாத்தறது?"

"நீங்க வயரப் பிடிங்க. நான் தூக்குறேன்."

தூக்கிவிட்டாள். தங்கதுரை எண்ணெயைத் துடைத்துத் திருகை முடுக்கினான். ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கிற ஜோடித் தாளத் தட்டை மூடிப் பிடிக்கிற இன்னொரு மிதி இடது காலுக்குப் போயிற்று. அந்தக் காலுக்குப் பிடித்த வேலை. பெரிய டிரம் வலது காலுக்கு வந்தது.

மறுநாள் நானும் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். முதல் அடியே 'தும்' என்று நெஞ்சில் வந்து விழுந்தது. அடுத்ததும் அப்படித்தான். அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஆனால் சந்தோஷத்தில் கால், பீஸ் எண்ணிக் கூலி வாங்குகிற கம்பெனி வேகத்துக்குப் போய்விட்டது. அவள் அக்காள்கள் மூச்சு வாங்க வாங்கத் தாளத்துக்குப் பின்னால் ஓடினார்கள். கடைசி வரியில் பாதிப் பேர் பாட்டை விட்டுவிட்டார்கள்.

பூசை முடிந்து சகாயராஜ் நேராக அவளிடம் வந்தார். நான் பயந்துவிட்டேன்.

"ராணி, திருவிழாவுக்குப் பீஸ் ரேட்டு கெடையாதும்மா. அன்னைக்கு மாதா ஊர்வலம் போகுது, ஏத்துமதி கண்டெய்னர் போகல. நிதானமா வாசி, என்ன?"

"சரிண்ணே" என்றாள் விஜயராணி. சொல்லிவிட்டு, அருண்குமார் உயரத்துக்கே இருந்த இருக்கையைத் தன் உயரத்துக்கு இறக்கி, அதன் திருகை நன்றாக முடுக்கினாள்.