நோரீனின் மஞ்சள் அட்டை

நோரீன் டாட்டர்சாலைப் பற்றி எழுதச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. அவளுக்கே தெரிந்தால் திட்டுவாள். ஆனாலும் எழுதுகிறேன். அன்று எங்கள் ஸ்டூடியோவில் நடந்த கூத்தைப் பற்றி நாட்டில் எழுதாத பத்திரிகை இல்லை. அதற்குத் தண்டனை வாங்கிய ஒரே ஆளைப் பற்றி மட்டும் ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை.

நோரீனுக்கு ஊர் ராம்ஸ்லி, மான்செஸ்டருக்கு வடக்கே மழையும் மேடும் பள்ளமுமான ஊர். அப்பா பஸ் ஓட்டினார். பள்ளிக்கூடம் முடித்த கையோடு ஒரு டிவி நிலையத்தில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தாள். ஒரு நாள் தள மேலாளர் காய்ச்சலில் படுத்துவிட, அவர் இடத்தில் இவளை நிறுத்தினார்கள். அதோடு தட்டச்சுக்குத் திரும்பவே இல்லை. ஸ்டூடியோத் தளத்தில் நின்றுகொண்டு, காமிரா முன் உட்கார்ந்திருப்பவருக்கு எப்போது ஆரம்பி, எப்போது நிறுத்து என்று கை காட்டுவதுதான் அந்த வேலை. பார்க்கிறவர்கள் கண்ணில் அவள் படவே கூடாது. சத்தம் வராத ரப்பர் செருப்பு, பையில் புதினா மிட்டாய், யாராயிருந்தாலும் ஒரே முகம்.

அவளுக்கு ஒரே ஒரு கர்வம் உண்டு. நோரீன் தப்பாகக் கை காட்டினாள் என்று ஒருவரும் சொல்ல முடியாது. இந்தத் தொழிலில் விண்ணப்பம் போட்டு யாரும் வேலை வாங்குவதில்லை. "நோரீனைக் கூப்பிடு, தப்பு வராது" என்று ஒருவர் இன்னொருவருக்குச் சொல்வார். அந்தச் சொல்தான் அவளுடைய பிழைப்பு, அவளுடைய மரியாதை, எல்லாம். நான் காமிரா பிடிப்பவன். அவளோடு பல வருஷம் ஒரே தளத்தில் நின்றிருக்கிறேன். அந்தப் பேரை அவள் எப்படிக் காத்தாள் என்று பார்த்திருக்கிறேன்.

எங்கள் சேனலில் மாலை நேர நிகழ்ச்சியை நடத்தியவர் கிரிஸ்பின் வெதரால். ராம்ஸ்லி தொகுதி எம்.பி. பகலில் நாடாளுமன்றம், மாலையில் மேக்கப். தொகுதி வேலைக்கென்று ஒதுக்கிய வெள்ளிக்கிழமைகூட இங்கே வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். எங்கள் நாட்டு விதிப்படி, பதவியில் இருக்கும் அரசியல்வாதி டிவியில் செய்தி வாசிக்கக் கூடாது. ஆனால் நடப்பு விவகாரம் பேசும் நிகழ்ச்சியை நடத்தலாம். எது செய்தி, எது விவகாரம் என்று கேட்டால் அவரவர் வசதிக்கு ஒரு பதில் வைத்திருப்பார்கள்.

இதற்கு எங்கள் சேனல் ஒரு வழி கண்டுபிடித்தது. அதே ஸ்டூடியோவின் மூலையில் ஒரு சின்ன மேசை போட்டு, ப்ரயனி என்ற இளம் பெண்ணைச் செய்தி வாசிக்க உட்கார வைத்தார்கள். வெதரால் கையை நீட்டினால் அவள் மேசையைத் தொடலாம், அவ்வளவு பக்கம். நிகழ்ச்சி நடுவே ஏதாவது செய்தி வந்தால் நோரீன் காமிராவுக்குக் கீழே ஒரு மஞ்சள் அட்டையைத் தூக்கிக் காட்டுவாள். வெதரால் உடனே "இப்போது செய்தி மேசைக்கு" என்று சொல்லி வாயை மூட வேண்டும். ப்ரயனி வாசிப்பாள். முடித்ததும் அவர் திரும்பி, அந்தச் செய்தியைக் கால் மணி நேரம் கிழித்துத் தோரணம் கட்டுவார். நடுநிலை காப்பாற்றப்பட்டுவிடும்.

வெதராலுக்கு அந்த அட்டை பிடிக்காது. ஸ்டூடியோவுக்குள் வரும்போதே ஆரம்பித்துவிடுவார்.

"வந்துட்டாங்கப்பா நம்ம ரெஃப்ரி அம்மா. பாத்தும்மா, இன்னைக்கு என்னை மைதானத்த விட்டே அனுப்பிடாதீங்க."

"நீங்க ஒழுங்கா வாய மூடுனா நான் எதுக்குங்க அட்டையத் தூக்கப்போறேன்" என்பாள் நோரீன். எல்லாரும் சிரிப்போம். அவரும் சிரிப்பார். அவருக்கு அவள் ஓட்டுப் போட்டாளா என்று நான் ஒரு தடவை கேட்டேன். உதட்டைப் பிதுக்கினாள்.

அக்டோபர் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. நிகழ்ச்சி பாதி ஓடியிருந்தது. நிதியமைச்சர் ராஜினாமா செய்துவிட்டார் என்று இயக்குநர் லாயிட் எங்கள் காதுக் கருவியில் சொன்னார். நிதியமைச்சரும் வெதராலும் ஒரே கட்சி. ஆனால் பரம எதிரிகள். வெதராலுக்குக் கிடைக்கவேண்டிய மந்திரி பதவியைத் தட்டிப் பறித்தவர் அவர்தான் என்று கட்சியில் எல்லாருக்கும் தெரியும். ப்ரயனி கைக்குச் செய்தி எழுதிய தாள் வந்தது. நோரீன் அட்டையைத் தூக்கினாள்.

வெதரால் அட்டையைப் பார்த்தார். அவர் முகம் என் காமிராவில்தான் இருந்தது, அவர் பார்த்ததை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுப் பக்கத்து மேசைக்குக் கையை நீட்டி, ப்ரயனி முன்னால் இருந்த தாளை எடுத்துக்கொண்டார். "நண்பர்களே, இதை நானே வாசிக்கிறேன், ரொம்ப நாளாகக் காத்திருந்த தாள்" என்றார். நோரீன் அட்டையை இன்னும் உயரத் தூக்கி ஓர் அடி முன்னால் வந்தாள். அப்போது லாயிட் குரல் காதில் வந்தது.

"நோரீன், அட்டைய எறக்கு. எல்லாரும் அவர் மேலயே இருங்க. பாக்கற ஜனம் ஏறுது."

நேரலை ஓடும்போது காதில் வரும் குரலோடு வாக்குவாதம் செய்யக் கூடாது. முதல் நாள் வேலைக்கு வருகிறவனுக்கு நாங்கள் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் இது. ஒருத்தி ஒரு பக்கம் இழுத்து, இன்னொருவர் இன்னொரு பக்கம் இழுத்தால் நிகழ்ச்சி அந்தரத்தில் நிற்கும். நோரீன் வாழ்நாள் முழுதும் அந்தக் குரலுக்குக் கட்டுப்பட்டவள். அட்டையை இறக்கினாள். வெதரால் ராஜினாமாவை வாசித்தார். நடுநடுவே, எப்போதோ போயிருக்கவேண்டிய ஆள் என்று தன் கருத்தையும் சேர்த்துக்கொண்டார். கட்சிக்காரர் ஒருவரைத் தொலைபேசியில் பிடித்து, நிருபர் மாதிரி கேள்வி வேறு கேட்டார். ப்ரயனி வெறும் மேசையின் மேல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் புகார்கள் குவிந்தன. ஒளிபரப்பு ஆணையம் விசாரணை தொடங்கியது. சேனல் உடனே உள்விசாரணை என்று ஒன்றை வைத்தது, யார் தலையிலாவது கட்டியாக வேண்டுமே. அகலமாகப் பிடிக்கும் காமிராவின் ஓரத்தில் நோரீனின் கை பதிவாகியிருந்தது. அட்டை மேலே போகிறது, பிறகு கீழே வருகிறது. எங்கள் காதில் வரும் பேச்சை யாரும் பதிவு செய்து வைப்பதில்லை. அந்தக் களேபரத்தில் என்ன சொன்னேன் என்று நினைவில்லை என்றார் லாயிட். தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன், எதுவும் கேட்கவில்லை என்றாள் ப்ரயனி. எந்தத் தாளைப் பார்த்தாளோ, அது வெதரால் கையில் அல்லவா இருந்தது. நான் கேட்டதை நான் சொன்னேன். ஊழியர் பிரிவில் இருந்த டங்கன் என்பவர் பொறுமையாக எழுதிக்கொண்டார். பிறகு, நோரீனை உங்களுக்கு எத்தனை வருஷமாகப் பழக்கம் என்று கேட்டார். கேட்ட விதத்திலேயே என் சாட்சி குப்பைக்குப் போய்விட்டது என்று புரிந்தது.

அரசியல்வாதி செய்தி வாசிப்பதைத் தடுக்கத் தவறியது கடுமையான குற்றம் என்று சொல்லி நோரீனை அனுப்பினார்கள். அவள் ஒப்பந்தத்தில் இருந்தவள். நிரந்தர ஊழியர் இல்லை என்பதால் தொழிலாளர் தீர்ப்பாயக் கதவும் மூடிவிட்டது.

இதோடு முடிந்திருந்தால்கூட, எங்கும் நடக்கிற அநியாயம் என்று விட்டிருப்பேன். சேனல் ஆணையத்துக்கு என்ன பதில் கொடுத்தது தெரியுமா? பெரிய பெரிய வழக்கறிஞர்களை வைத்து, அன்று வெதரால் வாசித்தது செய்தியே அல்ல என்று வாதாடியது. அது ஒரு தொகுப்பாளர் தன் உணர்வோடு பகிர்ந்துகொண்ட நடப்பு விவகாரமாம். அவரை நேயர்களுக்குத் தெரியுமாம், யாரும் ஏமாறவில்லையாம். குளிர்காலம் போய் வசந்தம் வந்தபோது ஆணையம் அதை ஏற்றுக்கொண்டது. செய்தி அல்ல, விதிமீறல் இல்லை. அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார்கள். நான் அதைக் குப்பைக் கூடையில் போட்டேன், என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

தீர்ப்பைக் கேட்டதும் நோரீன் பளிச்சென்று உடுத்திக்கொண்டு டங்கனைப் பார்க்க வந்தாள். முகத்தில் அத்தனை வெளிச்சம். உள்ளே நடந்ததை வெளியே வந்து என்னிடம் அப்படியே சொன்னாள்.

அது செய்தியே இல்லை என்று ஆகிவிட்டதே, அப்படியானால் நான் எதைத் தடுக்கத் தவறினேன் என்று கேட்டிருக்கிறாள். அந்த முடிவு நிகழ்ச்சியைப் பற்றியது, உங்களுடையது ஊழியர் ஒழுங்கு, இரண்டும் வேறு வேறு என்றிருக்கிறார் டங்கன். ஒரே மனுஷர், ஒரே தாள், ஒரே நிமிஷம்தானே என்று இவள் விடவில்லை.

"மேடம், நீங்க அட்டையத் தூக்குனீங்க இல்ல? அப்ப உங்க மனசுல அது செய்திதான். செய்தின்னு தெரிஞ்சே விட்டுட்டீங்க. அதான் குற்றம்" என்றிருக்கிறார்.

சொல்லிவிட்டு நோரீன் கார் நிறுத்துமிடத்தில் நின்று அழுதாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை. வாசித்த வெதராலுக்கு அது செய்தி இல்லை. வாசிக்கவிட்ட லாயிட்டுக்கு இல்லை. சேனலுக்கு இல்லை, ஆணையத்துக்கு இல்லை. இந்த முழு நாட்டிலும் அது நோரீன் ஒருத்திக்கு மட்டும் செய்தி.

வேறு ஸ்டூடியோக்களில் கேட்டுப் பார்த்தாள். லீட்ஸில் ஒருவன், பையனாக வந்து அவளிடம் தொழில் படித்தவன், "அந்த அரசியல்வாதிய வாசிக்க விட்டது நீங்கதான?" என்று சிரித்துக்கொண்டே கேட்டானாம். தப்பு வராது என்ற பேர் போய்விட்டது. அவளுக்கு வேலைகூடத் திரும்ப வேண்டாம். அட்டையைத் தூக்கினாள், மேலிருந்து சொன்னதால் இறக்கினாள் என்று விஷயம் தெரிந்த ஒருவர் ஒரு வரி சொன்னால் போதும்.

எங்கள் ஊரில் யாருக்கு அநியாயம் நடந்தாலும் போவது எம்.பி.யிடம்தான். நோரீன் முதலில் பக்கத்துத் தொகுதி எம்.பி. அலுவலகத்துக்குப் போன் செய்தாள், எதிர்க்கட்சிக்காரர், சந்தோஷமாக எடுத்துக்கொள்வார் என்ற நப்பாசை. போனை எடுத்த பெண் வீட்டு முகவரியைத்தான் முதலில் கேட்டாள். இன்னொருவர் தொகுதி ஆளை நாங்கள் தொடுவதில்லை, அது வழக்கம், உங்கள் எம்.பி.யிடமே போங்கள் என்று மரியாதையாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

அப்படித்தான் ஒரு சனிக்கிழமை காலை ராம்ஸ்லி நூலகத்துக்கு நான் அவளைக் காரில் கூட்டிப்போனேன். வெதரால் தொகுதி மக்களைச் சந்திக்கும் நாள். சுவரில் ஈரம் இறங்கும் வீட்டுக்காரர் ஒருவர், வாசலில் யாரோ வண்டி நிறுத்துகிறார்கள் என்று ஒரு கிழவர், நாய் அசிங்கம் செய்கிறது என்று ஓர் அம்மாள். அவர்களோடு பிளாஸ்டிக் நாற்காலியில் நோரீனும் உட்கார்ந்தாள். அவள் முறை வந்ததும் நானும் கூடவே போனேன். வெதரால் எழுந்து நின்று வரவேற்றார். டீ வேண்டுமா என்று கேட்டார். அவள் சொன்னதை எல்லாம் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார், அந்தத் தலையாட்டலை நான் எத்தனையோ தடவை காமிராவில் பிடித்திருக்கிறேன்.

"நீங்க அட்டையப் பாத்தீங்கய்யா" என்றாள் நோரீன். "நான் தூக்கினேன், நீங்க பாத்தீங்க. அத மட்டும் ஒரு வரி எழுதிக் குடுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

வெதரால் பக்கத்தில் இருந்த உதவியாளரைப் பார்த்தார். பிறகு, முன்னால் சாய்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நோரீன், உங்க கஷ்டம் எனக்குப் புரியுது. ஆனா பாருங்க, நான் உங்க எம்.பி. அந்தச் சேனல்லயும் இருக்கேன். ரெண்டு பக்கமும் எனக்கு வேண்டியவங்க. இந்த மாதிரி விஷயத்துல நான் நடுநிலையா இருக்கறதுதான மொறை?"

எனக்கு மேசையைப் புரட்டிப் போடவேண்டும் போல இருந்தது, போடவில்லை. அவர் எழுந்து கையை நீட்டினார். அவளும் எழுந்து அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினாள். வேறு என்ன செய்வாள், அவளுக்கென்று இருப்பது அந்த ஒரு எம்.பி.தான். உதவியாளர் கதவைத் திறந்து, நாய் விஷயமாக வந்த அம்மாளை உள்ளே கூப்பிட்டார்.