பீர்க்கம்பூ பூக்கும் நேரம்

பந்தலுக்கு அடியில் குனிந்தபடி ஒரு வரிசை போய்த் திரும்புவதற்குள் ஆரோக்கியசெல்வியின் முந்தானை நிறையப் பிஞ்சுகள் சேர்ந்துவிட்டன. எல்லாம் விரல் நீளம், எல்லாம் மஞ்சள். பாதி தரையில் கிடந்தவை, மீதி தொட்டதும் கையோடு வந்தவை. வாய்க்கால் ஓரம் அவற்றைக் கொட்டிவிட்டு இடுப்பில் கையை ஊன்றி நிமிர்ந்தாள். நிமிர்வதுகூட இப்போதெல்லாம் ஒரு வேலையாகிவிட்டது.

உறுவையாறு கிராமத்தில் பலராமனின் நிலத்தில் அவள் நாற்று நட இறங்கியபோது பாவாடை கட்டும் வயது. நட்டதும் களை பறித்ததும் அறுத்ததும் எல்லாம் அடுத்தவர் பயிர். கணவர் சூசைநாதன் இறந்த பிறகுதான், தன் கத்திரித் தோட்டத்தை ஒட்டிய ஒரு துண்டை விளைவதில் பாதிக்குப் பாதி என்ற பேச்சில் பலராமன் அவளிடம் விட்டார். போன வருடம் அதில் பரங்கி போட்டாள். இந்த வருடம் பீர்க்கை. கொடி பந்தலை மூடி நின்றது. பூவுக்கும் குறைவில்லை. காய்தான் இல்லை.

பலராமன் கோபப்படவில்லை. வரப்பில் நின்று, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே சொன்னார்: "இந்தப் போகமும் காய் எறங்கலன்னா இந்தத் துண்டையும் நானே சேத்து உழுதுடறேன் செல்வி. தப்பா நெனச்சிக்காத."

தப்பாக நினைக்க அதில் ஒன்றும் இல்லை. அதனால்தான் அது மனதில் தங்கிவிட்டது.

உரம் குறைவு என்று நினைத்துப் புண்ணாக்கு கரைத்து ஊற்றினாள். தண்ணீர் அதிகமோ என்று மடையை அடைத்துப் பார்த்தாள். பிஞ்சு உதிர்வது நிற்கவில்லை. ஒருநாள் களை வேலையிலிருந்து கொஞ்சம் முன்னதாகவே கிளம்பி, வெயில் சாயும்போது பந்தலுக்கு அடியில் வந்து நின்றாள். மொட்டுகள் ஒவ்வொன்றாக விரிந்துகொண்டிருந்தன. அந்த மஞ்சளைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றாள். ஒரு தேனீ இல்லை. ஒரு கருவண்டு இல்லை. பக்கத்துக் கத்திரித் தோட்டத்திலிருந்து பம்பு சீறும் சத்தம் வந்தது. மருந்து வெண்புகையாக எழுந்து, காற்றில் சாய்ந்து, பந்தல் பக்கம் வந்தது. முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு மருந்தடித்துக்கொண்டிருந்தவன் அன்புராஜ், அவளுடைய மகன்.

அப்போதுதான் புரிந்தது.

போன வருடம் ஊரில் நடந்த விவசாயக் கூட்டத்தில், தேனீக்கள் காலையில்தான் பூவுக்கு வரும், மருந்தை மாலையில் அடியுங்கள் என்றார்கள். அவள் பரங்கி போட்டிருந்த சமயம். பரங்கிப் பூ விடிவதற்கு முன்பே விரிந்து, வெயில் ஏறுவதற்குள் சுருங்கிவிடும். அவள் நேராகப் பலராமனிடம் போய்க் கேட்டாள். அவரும் சரி என்று மருந்தடிப்பதை மாலைக்கு மாற்றினார். அதன் பிறகு காலையில் போனால் பூவுக்குள் தேனீக்கள் மகரந்தத்தில் புரண்டுகொண்டிருந்தன. காயும் நன்றாகவே பிடித்தது. அவள் சொல்லி இன்னொருவர் ஒன்றை மாற்றிக்கொண்டது அவள் வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

பீர்க்கை மாலையில் பூக்கும் என்பது அவளுக்குத் தெரியாததா. பீர்க்கம்பூ பூத்தாச்சு, இன்னும் மாடு கறக்கலியா என்று கேட்கிற ஊர் அது. தெரிந்த இரண்டு விஷயங்கள் ஒரே தலைக்குள் தனித்தனியாகக் கிடந்திருக்கின்றன. ஒன்றை ஒன்று பார்க்கவே இல்லை.

செடிக்கு நடக்கத் தெரியாது. ஆண்பூவில் இருப்பதைப் பெண்பூவுக்குக் கொண்டுபோக அது இன்னோர் உயிரின் பசியை நம்பியிருக்கிறது. அந்த உயிருக்கோ காய் என்ற ஒன்று இருப்பதே தெரியாது. இப்படி ஒருவரையொருவர் அறியாத இருவர் ஒரு நேரத்தில் சந்தித்தாக வேண்டும். உலகத்தில் பல காரியங்கள் இவ்வளவு மெலிந்த ஏற்பாட்டில்தான் நடக்கின்றன.

மறுநாள் பலராமனிடம் போனாள்.

"போன வருசம் காலையில அடிக்காதன்ன. இப்ப சாயங்காலம் அடிக்காதன்ற," என்றார் அவர். "என் கத்திரிக்காய்ல இருக்கிற புழு உன்கிட்ட நேரம் கேட்டுக்கினாம்மா வருது?"

"பரங்கிக்குக் கேட்டது ஐயா அது. இது பீர்க்கு."

"அடுத்த வருசம் இன்னா போடப்போற? மத்தியானம் பூக்கிறதா பாத்துப் போடு, ஒரு சுத்து முடிஞ்சிடும்." சிரித்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "எனக்கு எப்ப அடிச்சாலும் ஒண்ணுதான். ஆளு ஏது? எல்லாம் கம்பெனிக்குப் போயிட்டானுங்க. உன் புள்ளையக் கேளு. அவனுக்கு எப்ப முடியுமோ அப்ப அடிக்கட்டும்."

அன்புராஜும் கம்பெனிக்குப் போகிறவன்தான். இருட்டோடு பஸ் ஏறினால் மூன்று மணிக்கு மேல்தான் வீடு. வெயில் தணிந்த பிறகு, இருட்டுவதற்குள் முடிந்த அளவுக்குத் தோட்டத்தில் ஒரு பகுதி. மறுநாள் அடுத்த பகுதி. முழுத் தோட்டமும் சுற்றி வருவதற்குள் வாரம் முடிந்துவிடும். ஆகவே எந்த மாலையும் மருந்தில்லாத மாலை இல்லை.

அவள் சொன்னதைச் சோற்றுத் தட்டைப் பார்த்தபடியே கேட்டான்.

"நீதானம்மா சாயங்காலம் மாத்தச் சொன்ன."

"சொன்னேன்டா."

"ராத்திரி அடிக்கவா? பாம்பு மேல கால வெக்கவா?"

"உன்ன ஒண்ணும் சொல்லலடா. துன்னு."

அவன் தட்டில் இன்னொரு கரண்டிச் சோறு வைத்தாள்.

அடுத்த மாலையிலிருந்து தேனீயின் வேலையை அவளே செய்தாள். ஆண்பூவைக் கிள்ளி, இதழை உரித்துப்போட்டு, நடுவில் இருக்கும் தூளைப் பெண்பூவின் முகத்தில் தடவுவது. சொல்வதற்குச் சுலபம். பகல் முழுக்கக் குனிந்து களை பறித்தவள் மாலையில் தலையைப் பின்னால் சாய்த்துக் கையைத் தூக்கிக்கொண்டே நடக்க வேண்டும். பந்தலுக்கு மேலே விரிந்தவை எட்டவே எட்டாது. பக்கத்து வீட்டு ஜோஸ்பின் ஆட்டுக்குத் தழை ஒடிக்க வந்தவள் நின்று பார்த்தாள்.

"இன்னா அக்கா, கல்யாண புரோக்கரு வேலையா?"

"ஆமாடி. மாப்ள ஒருபக்கம், பொண்ணு ஒருபக்கம். நடுவுல நான்."

"உன் புள்ளைக்கு ஒண்ணு பாக்க நேரமில்ல, பூவுக்குப் பாக்கறியா. ரெண்டு பக்கமும் கமிசன் வாங்கிக்கோ."

ஆரோக்கியசெல்வி சிரித்தாள். சிரித்ததில் கழுத்து வலித்தது. தடவிய பூக்களில் சில பிடித்தன. எட்டாதவை எல்லாம் உதிர்ந்தன. ஒரு பெண் எவ்வளவு உழைத்தாலும் ஒரு கூட்டுத் தேனீக்கள் ஆகிவிட முடியாது. அதைத் தெரிந்துகொள்ள ஒரு வாரம் போதுமானதாக இருந்தது.

அன்புராஜ் ஒரு மாலை பம்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பந்தலுக்கு வந்தான். அவள் கையைத் தூக்கியபடி நடப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். தானும் ஒரு பூவைக் கிள்ளப் போனான்.

"அந்தக் கையால தொடாதடா. மருந்து."

கையை இழுத்துக்கொண்டான். பிறகு சொன்னான்: "ஞாயித்துக்கெழம வெளிச்சம் வந்ததுலேர்ந்து ஆரம்பிச்சா மொத்தத் தோட்டமும் ஒரே மூச்சா அடிச்சிடலாம். வாரத்துல மத்த நாளு பம்பத் தொட வேணாம். சாயங்காலத்துக்குள்ள மருந்து அடங்கிடும்."

ஞாயிறு காலை சர்ச்சில் பூசை இருக்கிறது. சூசைநாதன் போன பிறகு அவர்கள் இருவரும் சேர்ந்து உட்கார்வது அந்த ஒரு மணி நேரம்தான். போகும்போது அவன் வண்டியில் பின்னால் உட்கார்ந்து, அவன் தோளைப் பிடித்துக்கொள்வாள். வாரத்தில் வேறு எப்போதும் இருவரும் விழித்தபடி ஒரு மணி நேரம் அருகருகே இருந்ததில்லை.

"பூசைக்கு?" என்றாள்.

"நீ போ. எனக்கும் சேத்து வேண்டிக்கோ."

வேறு நேரம் இருக்கிறதா என்று அவளும் தேடிப் பார்த்தாள். இல்லை. சரி என்றாள்.

முதல் ஞாயிறு ஷேர் ஆட்டோவில் போனாள். கோயில் வாசலில் ஒருத்தி, "எங்க உன் புள்ள?" என்றாள். "மருந்து அடிக்கிறான்," என்றாள். கேட்டவள் உள்ளே போய்விட்டாள். பக்கத்து இடம் காலியாகவே இருந்தது. வேண்டிக்கொள்ள உட்கார்ந்தபோது பீர்க்கங்காய்தான் நினைவுக்கு வந்தது. அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது.

அந்த வாரம் மாலைகளில் முதலில் கருவண்டு ஒன்று வந்தது. பிறகு சில தேனீக்கள். மங்கும் வெளிச்சத்தில் அந்துப்பூச்சிகள், பந்தலுக்கு மேலே, அவள் கை எட்டாத உயரத்தில். கூட்டம் என்று சொல்ல முடியாது. ஆனால் பிஞ்சுகள் பச்சையாகவே நின்றன. சில கோணலாக, பல நேராக.

பலராமன் வந்து ஒரு காயை நகத்தால் அழுத்திப் பார்த்தார். "பரவால்ல," என்றார். "அறுத்து முடி. அடுத்த போகத்துக்கு இன்னா போடறன்னு முன்னாடியே சொல்லிடு. என் புழுவுக்கும் சொல்லி வெக்கணும்."

"சரிங்க ஐயா," என்றாள். மகிழ்ச்சி வரும் என்று கொஞ்ச நேரம் நின்றாள். கால் வலிதான் வந்தது.

அடுத்த ஞாயிறும் தனியாகத்தான் போய் வந்தாள். அன்புராஜ் குளித்துவிட்டுத் தரையிலேயே படுத்துத் தூங்கிப்போயிருந்தான். சோப்பு வாசத்துக்கு அடியில் மருந்து வாசம் இன்னும் இருந்தது. அவனை எழுப்பவில்லை. முறத்தில் இருந்த பீர்க்கங்காயை எடுத்து, சத்தம் கேட்காதபடி தோல் சீவத் தொடங்கினாள்.