பெரிய டிஸ்குக்கு அடியில்

மரக்காணத்துல பாதிப்பேருக்கு ஜான்சின்னா உப்பளத்துல உப்பு வாரின பொண்ணு. பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறிப் போய் லினக்ஸ் படிச்சு, சுனாமிக்கப்புறம் எங்க நிவாரண ஆபீஸ்ல சர்வரைப் பார்த்துக்கிட்டா. கரையோர ஜனங்களோட போட்டோ எல்லாம் தனியா ஒரு பெரிய டிஸ்க் பெட்டியில இருந்துச்சு. அதை நெட்வொர்க்ல ஷேர் பண்ணி எங்க எல்லா கம்ப்யூட்டர்லயும் தெரிய வெச்சது அவதான்.

2005 ஆயுத பூஜைக்கு அவ லீவு. மேனேஜர் எல்லாத்தையும் அணைச்சு, துடைச்சு, பொட்டு வெச்சார். சர்வரையும் என் கம்ப்யூட்டர், ஸ்கேனரையும் மட்டும் திரும்பப் போட்டார். "டிஸ்க் பெட்டி பூஜையில இருக்குது, நாளைக்குத்தான் தொடணும்"னுட்டார். அந்த நேரம் பார்த்து குப்பம்மாள் வந்தா, அலை கொண்டுபோன மவ சங்கீதாவோட ஒரே போட்டோவோட. திருப்பி அனுப்ப மனசு வரலை. ஸ்கேன் பண்ணி ஷேர்ல போட்டுட்டு போட்டோவைக் கையில கொடுத்தேன்.

ஐப்பசி மழையில குப்பம்மாள் தங்கியிருந்த தகர ஷெட்டுக்குள்ள தண்ணி பூந்து, அந்தப் போட்டோ கூழாப் போச்சு. ஓடி வந்தா. ஷேர்ல தேடினோம், இல்லை.

"மேரிசெல்வி, நீ ஸ்கேனே பண்ணலை"ன்னார் மேனேஜர். எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு!

குப்பம்மாள் தினம் வந்து வாசல்ல நின்னா. "உள்ளதான் இருக்குறா, எனக்குத் தெரியுது"ம்பா. புத்தி கலங்கிடுச்சுன்னாங்க.

ஜான்சிதான் கேட்டா: "அன்னிக்குப் பெட்டி ஆன்ல இருந்துச்சாக்கா?"

"பொட்டு வெச்சு அணைஞ்சு கிடந்துச்சுடி."

அவ நெத்தியில அடிச்சுக்கிட்டா. பெட்டி அணைஞ்சிருந்தா சர்வர் தனக்குள்ளயே அதே பேர்ல இருக்கிற வெறும் ஃபோல்டரை ஷேர் பண்ணிடுமாம். போட்டோ அதுல விழுந்திருக்குது. மறுநாள் பெட்டியைப் போட்டதும் அந்த ஃபோல்டர் மேல பெரிய டிஸ்க் வந்து உக்காந்துக்கிச்சு. அழியலை, மூடிக்கிச்சு.

எங்களை வேலையை நிறுத்தச் சொல்லிட்டு டிஸ்கைக் கழட்டினா. அடியில ஒரே ஒரு ஃபைல். திறந்தா, ரெட்டை ஜடையோட சங்கீதா. குப்பம்மாள் ஸ்கிரீனைத் தடவித் தடவிப் பார்த்தா. எனக்கு அழுகை அடங்கலை.

ஜான்சி பிரிண்ட் எடுத்துக் கொடுத்தா. இனிமே பெட்டி வராம ஷேர் திறக்காதபடி மாத்தி எழுதினா. "டிஸ்கைத் திரும்ப மாட்டிடறேம்மா"ன்னா.

"மாட்டினா?"

"இந்த ஃபைல் பழையபடி அடியில போயிடும். பரவால்லம்மா, காப்பி எடுத்து வெச்சிருக்கேன், படமும் உங்க கையில இருக்குதே."

குப்பம்மாள் அவ கையை இறுக்கிப் பிடிச்சா. "வேணாம்மா. சேத்துக்கு அடியிலேருந்துதான் புள்ளைய எடுத்தாங்க. திரும்பவும் மேல போட்டு மூடாதே."

ஜான்சி அன்னிக்கு டிஸ்கை மாட்டலை. டிஸ்க் இல்லாம ஆபீஸ் வேலையே நிக்குதுன்னு மேனேஜர் கத்தினார். கத்தட்டுமே.