பசுப் பாடமும் ஒற்றைக் கோட்டும்

நனைந்த சுண்ணக்கட்டி வாசத்தோடு பாச்சை உருண்டை நெடியும் சேர்ந்து மூக்கில் ஏறினால், எங்களுக்கு அன்று சனிக்கிழமை. அலோர் காஜாவுக்குப் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்துத் தகரக் கொட்டகைதான் அந்த வட்டாரத்து வாத்தியார்களுக்குப் பயிற்சிப் பள்ளி. வாரமெல்லாம் தத்தம் தோட்டங்களில் கற்பித்தவர்கள் சனிக்கிழமை பஸ் ஏறி வந்து எங்களை வைத்துக் கற்பிக்கப் பழகுவார்கள். நாங்கள் "மாதிரி வகுப்பு". பாடம் நடத்துகிறவர் கோட்டுப் போட வேண்டும். இருந்ததோ பாச்சை உருண்டை நெடியடிக்கும் ஒரே கறுப்புக் கோட்டு, ஆளுக்கு ஆள் கை மாறும். பாடமும் ஒன்றே: பசு. "கொட்டாவி விடாதீங்கடா, நீங்க வாயத் தொறந்தாதான் அவங்களுக்குச் சோறு" என்பார் எங்கள் தலைமை வாத்தியார்.

அதை நாங்கள் அப்படியே நம்பினோம். செல்லையா வாத்தியார் சோதனைக்கு நின்ற அன்று, முழங்கால்வரை தொங்கிய அந்தக் கோட்டைப் பார்த்துச் சிரிக்கக்கூட எங்களுக்குத் தோன்றவில்லை. இந்த முறையும் தேறாவிட்டால் அவருடைய தோட்டத்துத் துரை அவரை ரப்பர் மரம் சீவ அனுப்பிவிடுவார் என்பது தொழிலாளர் லயம் முழுக்கத் தெரிந்த சேதி. எப்படியாவது அவரைக் காப்பாற்றிவிடத் துடித்தோம். அவர் "பசுவுக்கு எத்தனை கால்?" என்றதுதான் தாமதம், "நாலு கால், ரெண்டு கொம்பு, ஒரு வால், புல் தின்னும், பால் தரும், பால் உடம்புக்கு நல்லது!" என்று மொத்த வகுப்பும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டது.

"பாடம் முடிஞ்சிருச்சுலா, பஸ்ஸப் புடிக்கலாம்" என்றார் பின்பெஞ்சில் தன் முறைக்காகக் காத்திருந்த வாத்தியார் ஒருவர். சிரிப்பு. செல்லையா வாத்தியாருக்கு முகம் வெளுத்துப் போயிற்று. சோதிக்க வந்த மேற்பார்வையாளர் பேனாவைத் திறந்தார்.

திடீரென்று வாத்தியார் கேட்டார்: "மாடு மேய்க்கிறவங்க யாரு?"

பாதிக் கைகள் உயர்ந்தன.

"பசும்பால் குடிச்சவங்க?"

ஒரு கைகூட உயரவில்லை. முன்வரிசை முனியம்மா மட்டும், "அது தொரை பங்களாவுக்குப் போயிரும் சார். எங்களுக்குப் பால் ஊத்தாத வரக்காப்பிதான்" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. நான் உயராத என் கையைப் பார்த்தேன். வாராவாரம் "பால் நல்லது" என்று கத்திய வாய்க்கு அதன் ருசி தெரியாது என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது.

மேற்பார்வையாளர் சொன்னார்: "குறிப்புல இல்லாத கேள்வி கேக்கப்படாது. தேறல."

செல்லையா வாத்தியார் கோட்டைக் கழற்றி, உதறி, மடித்து, அடுத்தவரிடம் கொடுத்தார். அடுத்தவர் அதை மாட்டிக்கொண்டு, "பசுவுக்கு எத்தனை கால்?" என்றார். நாங்கள் நாலு என்றோம்!

இப்போது அந்தக் கொட்டகை இல்லை. பயிற்சி வகுப்பு டவுனில், காரைக் கட்டடத்தில் நடக்கிறது. ஒற்றைக் கோட்டும் எங்கோ மறைந்தது. மரம் சீவப் போன செல்லையா வாத்தியார் பிறகு எந்தத் தோட்டத்திலும் கண்ணில் படவில்லை. இந்த வருஷம் நானும் பயிற்சி வாத்தியார். வரும் சனிக்கிழமை என் முறை; பாடக்குறிப்பு கைக்கு வந்துவிட்டது.

பசு.