நல்ல நேரத்தில் ஏற்றிய வழங்கி

வெள்ளவத்தையில் இரத்தப் பரிசோதனைக் கூடமொன்றின் கணினிகளைப் பராமரித்து வந்தேன். முடிவுகளை வைத்தியர்கள் இணையத்தில் பார்ப்பதற்கு ஜாவா வலைவழங்கி, அதாவது வெப் சேர்வர், ஒன்று தேவைப்பட்டது. ஆதரவுக் கட்டணம் கட்டி நாங்கள் பயன்படுத்திய லினக்ஸ் இயங்குதளத்தின் விநியோகத்தாரே அதற்குரிய மென்பொருள் பொதியைத் தந்திருந்தனர். அதை நிறுவினால் இயந்திரத்தோடு தானே எழும். திருத்தங்களும் தாமே வந்துசேரும்.

முதலாளியின் மைத்துனரான முகாமையாளருக்கு அது இழுக்காகப்பட்டது.

"தம்பி, அவங்கட வெர்ஷன் பழசு. நான் இன்ரநெற்றில புதுசு எடுத்திட்டன்."

எடுத்ததைத் தம் மடிக்கணினி வழியாக வழங்கி இயந்திரத்தில் விரித்து, கற்பூரம் கொளுத்தி, சுபநேரத்தில் தம் கையாலேயே இயக்கினார். மடிக்கணினியை மூடினால் இணைப்பு அறுந்து வழங்கியும் அணையும் என்றேன்.

"அப்ப மூடாம விடுவம். இதென்ன பெரிய வேலையே?"

அன்று முதல் சந்தனப் பொட்டுடன் மேசையில் திறந்தே கிடந்தது அந்தக் கணினி. 'மூடாதே' என்று மும்மொழியிலும் எழுதி ஒட்டினார்கள். மடமைக்கு மட்டும் இந்நாட்டில் மொழிப் பாகுபாடு இல்லை.

ஒரு வெள்ளி முற்பகல் களுபோவில ஆஸ்பத்திரியிலிருந்து வைத்தியர் ஒருவர் அழைத்தார். "பேஷன்ற் தியேட்டர் வாசல்ல. பிளேட்லெட் ரிப்போட்டைக் காணேல்ல. வாயால சொல்லுற நம்பரை நம்பி நாங்கள் வெட்டேலாது."

மேசையைப் பார்த்தேன், வெறுமை. கொட்டாஞ்சேனையில் ஒரு கல்யாணத்துக்குப் போன முகாமையாளர், புகைப்படங்கள் காட்டுவதற்காக அதை மூடிக் கையோடு கொண்டுபோயிருந்தார். தொலைபேசியையும் எடுக்கவில்லை.

அவர் போட்ட அந்தக் கோலத்தை மறுபடி எழுப்ப எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒரு கட்டளையில் விநியோகத்தாரின் பொதியை நிறுவினேன். எங்கள் நிரலை அதன் கோப்புறையில் வைத்து இயக்கினேன். ஒரு தேநீர் குடித்து முடிக்கும் பொழுதுகூட ஆகியிராது.

"வந்திட்டுது. உள்ள எடுக்கிறம்," என்று வைத்தியர் தொலைபேசியை வைத்தார்.

மாலையில் பட்டுவேட்டியோடு திரும்பிய முகாமையாளர் நோயாளியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"எத்தினை மணிக்குப் போட்டனீர்?"

"ராகுகாலத்தில, அண்ணை."

முகம் கறுத்தது. "ஒருநாளும் நிலைக்காது, பாரும்."

பிறகு எத்தனையோ மின்வெட்டுகள். ஒவ்வொன்றின் பின்னும் வழங்கி எவரையும் கேளாமல் தானே எழுந்தது. அண்மையில் முதலாளி அதை மெச்சியபோது முகாமையாளர் அடக்கத்தோடு தலை தாழ்த்தினார்.

"எல்லாம் அண்டைக்கு நான் பாத்த நேரம், அத்தான்."

சந்தனப் பொட்டு இப்போது வழங்கி இயந்திரத்தின் நெற்றியில் இருக்கிறது.